நம் பிள்ளை எந்தக் காகிதத்தில் நிற்கிறான்?

(சங்கத்தின் வைட்ஃபீல்ட் கிளை மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "பென்ஷன் பற்றி ஏதாவது சொல்லுங்கோளேன்" என்றார். பென்ஷனைப் பற்றி நாம் பார்க்கில் தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அதற்கு மேடையும் மைக்கும் வேண்டாம். நாம் பேசாமல் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு விஷயத்தை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கெடுப்பு. அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ இருப்பவர்கள் கையைத் தூக்குங்கள். (அறுபது பேர் இருந்த கூட்டத்தில் சுமார் நாற்பது கைகள் உயர்ந்தன.) சந்தோஷம். கையை இறக்க வேண்டாம். உங்கள் பிள்ளை இன்றைய தேதியில் எந்தக் காகிதத்தின் பேரில் அங்கே இருக்கிறான், அவசரமாக இந்தியா வந்தால் எந்தக் காகிதத்தைக் காட்டித் திரும்பிப் போவான், இது தெரிந்தவர்கள் மட்டும் கையை அப்படியே வைத்திருங்கள். (இரண்டு கைகள் மிஞ்சின.)

வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 பிப்ரவரி வரை நானும் கையை இறக்கியிருப்பேன். அந்த மாதம் நடந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த வைட்ஃபீல்டே நிரந்தரமாகத் தங்க ஓர் இடம் தேடியவர்களுக்காக உண்டான ஊர். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார், ஆங்கிலோ இந்தியர்களின் குடியிருப்புக்காகச் சுமார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதற்காகப் பாடுபட்ட டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயரே ஊருக்கு நிலைத்தது. இன்னர் சர்க்கிளில் அந்தக் கால வீடுகளின் சுவடு இன்னும் இருக்கிறது. 1947-க்குப் பிறகு அவர்களின் பிள்ளைகள் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனார்கள்; வயதானவர்கள் பலர் இங்கேயே தங்கினார்கள். 1990-களில் டெக் பார்க் வந்தது, அடுக்குமாடிகள் வந்தன, நாம் வந்தோம். நம் பிள்ளைகளும் இங்கே வேலை பார்த்துவிட்டு டல்லாஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் போனார்கள். ஊர் அதே ஊர்தான், காத்திருப்பவர்கள் மாறியிருக்கிறோம்.

என் பிள்ளை 2010-ல் எச்-1பி விசாவில் டல்லாஸ் போனான். மாட்டுப்பெண்ணும், இங்கே பெங்களூரில் பிறந்த மூன்று வயதுப் பேத்தியும் கூடப் போனார்கள். 2014-ல் அவனுடைய கம்பெனி கிரீன் கார்டுக்கு ஏற்பாடு செய்தது. "வரிசையில் இடம் போட்டாச்சு அப்பா" என்றான். ரேஷன் கடை வரிசை, ரயில்வே ரிசர்வேஷன் வரிசை எல்லாம் நின்று பழகியவன் நான். இரண்டு, மூன்று வருஷத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

நான் பௌதிகம் படித்த பி.எஸ்ஸி. ஆதலால் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் இந்தக் கணக்கை மட்டும் பத்து வருஷம் போடாமலே இருந்துவிட்டேன். இப்போது போட்டுக் காட்டுகிறேன். 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை அடிப்படையில் அமெரிக்கா ஒரு வருஷத்துக்குத் தரும் கிரீன் கார்டுகள் சுமார் 1,40,000. இதில் மேற்படிப்பு படித்தவர்களுக்கான இரண்டாம் பிரிவுக்குச் சுமார் 40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஆக இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்தப் பிரிவில் சாதாரணமாகச் சுமார் 2,800. அதிலும் மனைவி, குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு கழியும். ஒரு குடும்பத்துக்கு மூன்று பேர் என்று வைத்தால்கூட ஆயிரம் குடும்பம்தான். மற்ற நாட்டார் எடுக்காமல் விட்டது மிஞ்சினால் கொஞ்சம் கூடுதலாக வரும். வருகிற தண்ணீர் குற்றால அருவி, வெளியே போகிற குழாய் அரை அங்குலம் என்றால் தொட்டி என்ன ஆகும்?

இங்கே கவனிக்க வேண்டியது, குடியுரிமை அல்ல, பிறந்த இடம்தான் கணக்கு. பிற்பாடு கனடா பாஸ்போர்ட் எடுத்தாலும், பிறந்தது கும்பகோணம் என்றால் இந்திய வரிசைதான்.

அந்த வரிசை முன்னால் மட்டும் நகராது, பின்னாலும் நகரும். மாதாமாதம் அவர்கள் வெளியிடும் விசா புல்லட்டினில் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு முன்னால் இடம் போட்டவருக்குத்தான் கார்டு. 2022 செப்டம்பரில் இந்தியாவின் இரண்டாம் பிரிவுத் தேதி 2014 டிசம்பர் 1 வரை ஓடி வந்தது. அடுத்த மாதமே 2012 ஏப்ரலுக்குப் போய்விட்டது. டிசம்பரில் 2011 அக்டோபர். பிளாட்பாரத்துக்கு வந்த ரயில் ரிவர்ஸில் போனால் எப்படி இருக்கும், அப்படி.

இப்போது என் பிள்ளை விஷயம். 2020 அக்டோபரில் மூன்றாம் பிரிவில் மனு போடும் தேதி திடீரென்று முன்னால் வந்தது. இவனும் ஆயிரக்கணக்கானவர்களைப் போல அந்தப் பிரிவுக்கு மாறி, ஐ-485 என்ற கடைசிக் கட்ட மனுவைக் குடும்பத்தோடு போட்டுவிட்டான். 2022-ல் இரண்டாம் பிரிவு ஓடியபோது இவன் மனு மூன்றாம் பிரிவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதனால் கார்டு வரவில்லை.

ஆனால் அந்த மனு நிலுவையில் இருப்பதால் இரண்டு சலுகைகள் கிடைக்கும். ஒன்று, வேலை அனுமதி அட்டை. இன்னொன்று, அட்வான்ஸ் பரோல். பரோல் என்றதும் ஜெயில் ஞாபகம் வரும், எனக்கும் வந்தது. வெளிநாடு போய்விட்டுத் திரும்பி வர முன்கூட்டியே கொடுக்கும் அனுமதிக்குத்தான் அந்தப் பெயர்.

இங்கேதான் சூட்சுமம். ஐ-485 மனு நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால், மனுவைக் கைவிட்டதாக வைத்துக்கொண்டு தள்ளுபடி செய்துவிடுவார்கள். எச்-1பி, எல்-1 நிலையில் இருப்பவர்களுக்கும், அவர்களைச் சார்ந்து எச்-4, எல்-2 நிலையில் இருப்பவர்களுக்கும் இதில் விலக்கு உண்டு. அவர்கள் அந்த நிலையைக் காப்பாற்றிக்கொண்டு, செல்லுபடியாகும் விசாவோடு திரும்பினால் மனு அப்படியே இருக்கும்.

என் பிள்ளை 2022-ல் கம்பெனி மாறினான். புதுக் கம்பெனி எச்-1பி-க்கு மனு போடவில்லை. "வேலை அனுமதி அட்டை இருக்கே, போதும்" என்றார்கள். சட்டப்படி அது சரிதான். ஆனால் அன்றோடு எச்-1பி என்ற கைப்பிடி போய்விட்டது. 2021-ல் வாங்கிய அட்வான்ஸ் பரோல் காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்த மனு பல மாதங்களாகக் கிடந்தது. அதாவது 2023 பிப்ரவரியில் அவன் அமெரிக்காவுக்குள் இருக்கலாம், வேலை பார்க்கலாம், வீட்டுக் கடன்கூடக் கட்டலாம். வெளியே மட்டும் கால் வைக்க முடியாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவன் சொல்லவில்லையா என்றால், நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் பேசுவோம். ஸ்னோ பெய்ததா, குழந்தை என்ன மார்க், என்ன சமையல் என்று கேட்பேன். "கிரீன் கார்டு என்ன ஆச்சு?" என்றும் கேட்பேன். "வரும்பா" என்பான். பதிமூன்று வருஷம் இந்த ஒரு கேள்வி, இந்த ஒரு பதில்.

பிப்ரவரி 8, புதன்கிழமை காலை என் சகதர்மிணி பூஜை அறையில் விளக்கேற்றப் போனவள் அப்படியே சரிந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அன்றைக்கே பிள்ளைக்குப் போன் செய்தேன்.

"உடனே கிளம்புடா" என்றேன்.

அவன் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம், "அப்பா, ரெண்டு நாள் டைம் குடுங்கோ. ஒரு பேப்பர் வாங்கணும். அது இல்லாம கிளம்பினா..." என்று ஆரம்பித்தான்.

நான் முடிக்கவிடவில்லை. "பெத்தவ சாகக் கிடக்கறா. உனக்கு அந்த அட்டைதான் பெரிசாடா?" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. மெதுவாகப் போனை வைத்துவிட்டான். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அன்று ராத்திரி மாட்டுப்பெண் பேசினாள். அவள்தான் விளக்கிச் சொன்னாள். அவன் காகிதமில்லாமல் கிளம்பினால் அவனுடைய மனு விழும். அவன் மனு விழுந்தால், அதைச் சார்ந்த அவளுடைய மனுவும் குழந்தையின் மனுவும் விழும். மறுபடி போடலாமே என்றால், தேதி 2012-க்குப் பின்வாங்கிவிட்டதால் 2014-ல் இடம் போட்டவன் புது மனு போட அப்போது வழியில்லை. குழந்தைக்குப் பதினாறு நடக்கிறது. வரிசை மறுபடி முன்னால் வருவதற்குள் அவளுக்கு 21 தாண்டிவிட்டால், பெற்றோர் மனுவில் குழந்தை என்ற இடம் போய்விடும். மூன்று வயதில் போன பெண், தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தனியாக வேறு விசா தேட வேண்டும், அல்லது கிளம்ப வேண்டும்.

"அட்டைக்காக இல்லேப்பா, குழந்தைக்காகத்தான் அவர் யோசிக்கறார். ஆனா வராம இருக்க மாட்டார்" என்றாள்.

அவசரத்துக்கும் ஒரு வழி இருந்தது. நெருங்கிய உறவினர் அபாய நிலையில் இருந்தாலோ காலமானாலோ, குடியேற்றத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் நேரில் போய் அவசர அட்வான்ஸ் பரோல் கேட்கலாம். அதற்கு முதலில் போனில் பேசி நேரம் வாங்க வேண்டும். காரணத்துக்கு அத்தாட்சி வேண்டும், அதாவது ஆஸ்பத்திரிக் கடிதம்.

வியாழக்கிழமை அந்தக் கடிதத்துக்கு அலைந்தேன். முதலில் கொடுத்த கடிதத்தில் நோயாளி பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இல்லை. தேதியும் இல்லை. மறுபடி எழுதி வாங்கினால் டாக்டரின் முத்திரை இல்லை. முத்திரை வைத்திருப்பவர் சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். ஐ.சி.யூ. வாசலுக்கும் அந்த ஜன்னலுக்குமாக எழுபத்து மூன்று வயதில் நான்கு தடவை நடந்தேன்.

அப்போது எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நேர்மையாக இருக்காது.

1988 என்று நினைவு. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் நான் செக்‌ஷன் ஆபீஸர். என் கீழே இருந்த ஒரு கிளார்க், "அம்மா சீரியஸ், உடனே புறப்படு" என்ற தந்தியோடு லீவு கேட்டு வந்தார். அந்தக் காலத்தில் அந்த மாதிரித் தந்தியைப் பலர் சினிமாவுக்கும் கல்யாணத்துக்கும் உபயோகித்துக்கொண்டிருந்தார்கள். வருஷ முடிவுக் கணக்கு வேலை வேறு. "டாக்டர் சர்டிபிகேட் இணைக்கப்படவில்லை" என்று எழுதி விண்ணப்பத்தைத் திருப்பினேன். சர்டிபிகேட் தபாலில் வந்து லீவு சாங்க்‌ஷன் ஆக மூன்று நாள் ஆயிற்று. இரண்டு வாரம் கழித்து அவர் மொட்டைத் தலையோடு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதிப்படி நடந்தேன் என்று நானும் மறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்றபோதுதான் அவருடைய முகம் ஞாபகம் வந்தது. தந்தியே 2013 ஜூலையோடு நின்றுபோய்விட்டது. ஆனால் "இணைப்பு இல்லை" என்று திருப்புகிற பழக்கம் நிற்கவில்லை. அதை நடத்தியவனே அதன் மறுபக்கத்தில் நின்றேன்.

கடிதம் வியாழன் சாயங்காலம் கிடைத்து, ஸ்கேன் செய்து அனுப்பினோம். அவனுக்கு நேரம் கிடைத்தது திங்கட்கிழமை காலைக்கு. ஞாயிறு விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

பிள்ளைக்காகக் காத்திருக்கலாமா என்று பேச்சு வந்தது. எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாத நிலையில் எத்தனை நாள் வைத்திருப்பது? வாத்தியாரைக் கேட்டு, நானே தகனம் செய்தேன். அவன் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். டல்லாஸில் அப்போது நடுராத்திரி.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு, மரணத்தை உறுதிசெய்த ஆஸ்பத்திரிச் சான்றையும் காட்டினான். அன்று மத்தியானமே தாள் கையில் கிடைத்தது. அந்த அதிகாரி, "உங்கள் அம்மாவுக்காக வருந்துகிறேன்" என்று சொல்லிக் கொடுத்தாராம். வியாழன் விடியற்காலை வந்து சேர்ந்தான். வாசலில் அவனைப் பார்த்ததும் நான் சொல்லத் தயார் செய்து வைத்திருந்த மன்னிப்பு வரவில்லை. "காபி சாப்பிடறியா?" என்றுதான் வந்தது. மிச்ச நாள் காரியங்களில் அவன் கூட இருந்தான். அஸ்தியை ஸ்ரீரங்கபட்டணத்தில் பச்சிமவாஹினியில் அவன் கையால்தான் கரைத்தோம். திரும்பும்போது காரில், "நீங்க சொன்னது தப்பில்லேப்பா. எனக்கும் அப்படித்தான் தோணித்து" என்றான். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

இப்போது உங்களுக்கு உபயோகமான விஷயத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் அல்ல. விதிகள் அடிக்கடி மாறுகின்றன. உங்கள் பிள்ளை அவனுடைய வக்கீலைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கேளுங்கள்.

முதல் கேள்வி: ஐ-485 மனு போட்டாச்சா, இல்லையா? போடவில்லை என்றால் பரோல் பேச்சே இல்லை. எச்-1பி தான் ஆதாரம். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. எச்-1பி நீட்டிப்பு அமெரிக்காவிலேயே கிடைத்துவிடும். ஆனால் முத்திரை காலாவதியாகியிருந்தால், இந்தியா வந்தவன் சென்னையிலோ ஹைதராபாத்திலோ நேர்காணலுக்குப் போய் முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது.

இது சின்ன விஷயமல்ல. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களையும் பரிசீலிக்கும் முறை வந்தது. அந்த மாதம் நேர்காணலுக்கென்று வந்திருந்த பலருக்குத் தேதி 2026 மார்ச்சுக்கும் அதற்குப் பிறகும் தள்ளிப்போயிற்று. பத்து நாள் லீவில் வந்தவர்கள் வேலையும் குடும்பமும் அங்கே, ஆள் இங்கே என்று ஆனார்கள். அதே வருஷம் செப்டம்பர் 19-ல், எச்-1பி-க்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று பிரகடனம் வந்தபோது, விடுமுறையில் இங்கே இருந்தவர்கள் அன்றிரவே விமான நிலையத்துக்கு ஓடினார்கள். அடுத்த நாள்தான், அது புது மனுக்களுக்கே, ஏற்கெனவே விசா உள்ளவர்களுக்கு அல்ல என்று விளக்கம் வந்தது.

இரண்டாம் கேள்வி: மனு போட்டாச்சு என்றால், இன்றைக்கு எச்-1பி-யில் வேலை பார்க்கிறானா, வேலை அனுமதி அட்டையிலா? அட்டையில் என்றால் அட்வான்ஸ் பரோல் ஒன்றுதான் திரும்பும் வழி. முடிந்தவர்கள் எச்-1பி-யை விடாமல் வைத்துக்கொள்வது நல்லது என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

மூன்றாம் கேள்வி: அட்வான்ஸ் பரோல் கையில் இருக்கிறதா, எந்தத் தேதி வரை? விண்ணப்பித்திருக்கிறேன் என்பது பதில் அல்ல. விண்ணப்பித்துவிட்டு, கிடைப்பதற்குள் கிளம்பிப் போனால் அதையும் கைவிட்டதாகவே கொள்வார்கள். பயணத் திட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், பழையது முடிவதற்குப் பல மாதங்கள் முன்பே புதுப்பிக்கக் கொடுத்துவிட வேண்டும். நம் வயதுதான் அவர்களுடைய பயணத் திட்டம். மனைவி, குழந்தைகளுக்கும் தனித்தனியாக வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

பரோலில் போனால் ஆபத்தா என்று சிலர் பயப்படுகிறார்கள். இறங்கும் விமான நிலையத்தில் தனி அறையில் உட்காரவைத்துச் சரிபார்ப்பார்கள், நேரமாகும், உள்ளே விடுவது அந்த அதிகாரியின் முடிவு என்பது உண்மை. ஆனால் 2012-ல் அவர்களுடைய குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. வழக்காடியவர்கள் ஓர் இந்தியத் தம்பதி. விசாக் காலம் முடிந்தும் அங்கே தங்கியிருந்தவர்கள். அட்வான்ஸ் பரோலோடு இந்தியா வந்து வயதான பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்படித் தங்கியவர்கள் நாட்டை விட்டு வெளியேறினால் பத்து வருஷத் தடை உண்டு. அந்தத் தடை இவர்களுக்கு வருமா என்பது கேள்வி. அனுமதி வாங்கிப் போய்வந்தது அந்த அர்த்தத்தில் வெளியேறுவது ஆகாது என்று வாரியம் சொல்லிவிட்டது. தாய் தகப்பனைப் பார்க்க வந்த பயணம் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

நான்காம் கேள்வி: கார்டு கிடைத்தாச்சு, ஆனால் அட்டை கைக்கு வரவில்லை என்ற நிலையா? இது நம்மில் சிலருக்கே நேரும். பிள்ளை சிட்டிசனாகி நமக்கு மனு போட்டு, நாம் குடியேற்ற விசாவோடு போய் இறங்குகிறோம். அட்டை பின்னால் தபாலில் வரும். அதற்குள் இங்கே ஒரு சாவு என்றால் வர முடியுமா? முடியும். பாஸ்போர்ட்டில் உள்ள அந்த விசா, இறங்கிய அன்று வைத்த முத்திரையோடு, ஒரு வருஷத்துக்குத் தற்காலிகக் கிரீன் கார்டாகவே செல்லும். அங்கிருந்தபடியே மனு ஏற்கப்பட்டு அட்டை மட்டும் தாமதமானவர்கள் உள்ளூர் அலுவலகத்தில் பாஸ்போர்ட்டில் தற்காலிக முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பலாம். கனடாவில் வழி வேறு. அங்கே பி.ஆர். அட்டை இல்லாமல் வெளியே வந்துவிட்டவர்கள், விமானம் ஏறத் தனிப் பயண ஆவணம் ஒன்று இங்கிருந்து விண்ணப்பித்து வாங்க வேண்டும்.

நம் பக்கத்தில் செய்ய வேண்டியதும் உண்டு. ஆஸ்பத்திரிக் கடிதத்தில் என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, மெடிக்கல் ஃபைலில் வைத்துவிடுங்கள். நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, பிள்ளையின் பெயரும் உறவும், நோய், இன்றைய நிலை, உடனே வருவது அவசியம் என்ற வாக்கியம், தேதி, டாக்டரின் கையொப்பம், பதிவு எண், முத்திரை, ஆஸ்பத்திரியின் லெட்டர்ஹெட். பிள்ளையின் பர்த் சர்டிபிகேட் நகலும் அதோடு இருக்கட்டும், அம்மா அப்பா பெயரை நிரூபிக்க அதுதான் சாட்சி. யார் ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும், அடுத்த ஃபிளாட்காரரே ஓடினாலும், அந்தத் தாளைக் காட்டினால் போதும். எனக்கு வியாழக்கிழமை முழுவதும் வீணானது. உங்களுக்கு அரை மணியில் முடியட்டும்.

கடைசியாக, எந்தப் படிவத்திலும் இல்லாத ஒன்று. நாம் தெம்பாக இருக்கும்போதே, நமக்கு ஒன்று நேர்ந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுப் பேச வேண்டும். அபசகுனம் என்று மாமிகள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். பேசாததால் வந்த அபசகுனம்தான் என் வாயிலிருந்து அந்த வார்த்தையாக வந்தது.

போன வருஷம் அவளுடைய திதிக்கு அவன் வந்திருந்தபோது, இருவரும் உட்கார்ந்து பேசி எழுதியே வைத்துவிட்டோம். எனக்கு ஒன்று என்றால், தாள் கையில் இருந்தால் அவன் கிளம்பி வர வேண்டியது. ஒரு நாள் காத்திருப்பார்கள். இல்லையென்றால் என் தம்பி பிள்ளை தகனத்தை நடத்துவான். இவன் எந்த நாள் வருகிறானோ அந்த நாளிலிருந்து சேர்ந்துகொள்வான். அந்த வாரமே வர முடியாவிட்டால் மாசிகத்துக்கோ வருஷாப்திகத்துக்கோ வரலாம். "வரலேன்னு யாரும் உன்னைக் கேட்க மாட்டா. நான் எழுதிக் கொடுத்துட்டேன்" என்றேன். தம்பி பிள்ளையிடமும் வாத்தியாரிடமும் சொல்லிவிட்டேன்.

அவன் அதைப் படித்துவிட்டு, "தேதி போடலியே அப்பா, கையெழுத்தும் இல்லே" என்றான். என் பிள்ளைதான். இரண்டையும் போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

அவனுக்கு இன்னும் கார்டு வரவில்லை. அட்வான்ஸ் பரோல் எந்தத் தேதி வரை என்று எனக்கு இப்போது தெரியும். இதோ, பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் தேதிக்குப் பக்கத்தில் டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஸ்னோவைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். "உனக்கு எப்போ கார்டு வரும்?" என்று கேட்டால் அவர்களிடம் பதில் இல்லை. அது அவர்கள் கையில் இல்லை. "நீ இன்றைக்கு எந்தக் காகிதத்தில் நிற்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவர்கள் சொல்லும் பதிலைக் கடைசி வரை கேளுங்கள். நடுவில் குறுக்கே பேசாதீர்கள்.